பைக்கில் ஜிபிஎஸ்: ஃபியூஸ் போடாத ஒயரும் தவிர்க்க வேண்டிய மற்ற தவறுகளும்

பைக்கில் முதல்முறையாக ஜிபிஎஸ் பொருத்துகிறவர்கள் வரிசையாக அதே குழிகளில்தான் விழுகிறார்கள். கருவியின் பெயரும் திரையின் அளவும்தான் மாறியிருக்கின்றன. ஓட்டும்போது திரையை நோண்டாதீர்கள், கிளம்பும் முன் சார்ஜ் பாருங்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அது தெரியாதவர் யாருமில்லை.

கார் கருவியை வாங்குவது

கார் ஜிபிஎஸ் விலை குறைவு, திரையும் பெரிது. ஆனால் அது நிழலில், மழை படாத இடத்தில், குலுங்காமல் உட்கார்ந்திருக்கச் செய்யப்பட்டது. பைக்கில் நேர் வெயில் பட்டால் திரை வெளுத்துவிடும், முதல் மழையிலேயே தண்ணீர் உள்ளே இறங்கும்.

பைக்குக்கென்று விற்பதிலும் கவனம் வேண்டும். தண்ணீர் எவ்வளவு தாங்கும் என்பதற்குக் கருவியில் ஐபிஎக்ஸ் என்று ஒரு தர எண் போட்டிருக்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில், அசையாத தண்ணீரில், 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். பீய்ச்சி அடிக்கும் தண்ணீருக்கு அது உத்தரவாதம் இல்லை. அதற்கு ஐபிஎக்ஸ்5 அல்லது 6 என்று தனியாகப் போட்டிருக்க வேண்டும். இந்தத் தரமும் ரப்பர் மூடி சாத்தியிருக்கும்போது மட்டும்தான். மூடியைத் திறந்து யூஎஸ்பி கேபிளைச் செருகிக்கொண்டு மழையில் போனால், ஓடிக்கொண்டிருக்கும் மின்சாரமும் ஈரமும் சேர்ந்து பின்களை அரித்துவிடும். வண்டியில் நிலையாக மாட்டிவைக்கும் தொட்டில் போன்ற பிடிப்போடு வந்து, அடிப்பக்கத் தொடுமுனைகள் வழியே சார்ஜ் ஏறும் கருவியில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

நீங்கள் வழக்கமாகப் போடும் கையுறையைக் கடைக்கே எடுத்துப்போய்த் திரையைத் தட்டிப் பாருங்கள். போன்களில் உள்ள வகைத் தொடுதிரை தடித்த கையுறையை மதிக்காது. மழைத்துளியை மட்டும் விரல் என்று எண்ணிக்கொண்டு வரைபடத்தை இழுத்தடிக்கும். அழுத்தினால் இயங்கும் பழைய வகைத் திரையில் படம் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் எந்தக் கையுறைக்கும் பணியும்.

விலையுயர்ந்த போனை ஹேண்டில்பாரில் மாட்டுவது

வேண்டாம். எஞ்சின் அதிர்வு கேமராவின் நடுக்கம் தடுக்கும் அமைப்பைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்திருக்கிறது. போன்தான் கதி என்றால், அந்த அமைப்பு இல்லாத பழைய போன் ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள்.

பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுப்பது

எத்தனை முறை சொன்னாலும் தீராத எரிச்சல் இது. மற்ற தவறுகளுக்கு வழி தவறும், நேரம் போகும். இதற்கு வண்டியே போகும்.

பெரும்பாலும் நடப்பது இதுதான். கருவியோடு வந்த கேபிளின் முனையில் கார் சாக்கெட்டுக்கான பருத்த பிளக் இருக்கும். பைக்கில் அந்த சாக்கெட் இல்லை என்பதால் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு ஒயரையும் பேட்டரியில் முறுக்கிவிடுகிறார்கள். பல கருவிகளில் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் சுற்று அந்த பிளக்குக்குள்தான் இருக்கிறது. அதை வெட்டிய பிறகு, எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டுக்கும் மேல் கருவிக்குள் பாயும். ஒரே நொடியில் போர்டு கருகும். வாரண்டியும் கிடைக்காது.

இதிலிருந்து தப்பியவர்கள் அடுத்து ஃபியூஸை விட்டுவிடுகிறார்கள். “சின்னக் கருவிதானே, என்ன இழுத்துவிடப் போகிறது?” என்பார்கள். ஃபியூஸ் கருவிக்காக அல்ல, ஒயருக்காக. ஹேண்டில் திரும்பும் ஒவ்வொரு முறையும் கழுத்துப் பகுதியில் ஒயர் ஃபிரேமோடு உரசும். இன்சுலேஷன் தேய்ந்து பாசிட்டிவ் ஒயர் ஃபிரேமைத் தொட்டால், சிறிய பேட்டரியிலிருந்துகூட நூறு ஆம்பியருக்கு மேல் பாயும். அந்த ஒயர் பழுத்து, பக்கத்திலுள்ள மெயின் ஒயரிங்கையும் சேர்த்து உருக்கும். எல்லாம் பெட்ரோல் டேங்குக்கு நேர் கீழே.

சரியான முறை இது. முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றப்போய் ஸ்பேனர் ஃபிரேமில் பட்டால் ஷார்ட். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. பாசிட்டிவ் முனையிலிருந்து 15 செ.மீ. தூரத்துக்குள் ஃபியூஸ் ஹோல்டர் வர வேண்டும். அதற்கு முந்தைய துண்டு ஒயருக்குப் பாதுகாப்பே இல்லை என்பதால்தான் இந்தக் கணக்கு. 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் கேட்கும் கருவி பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 1 ஆம்பியர்தான் எடுக்கும். ஆகவே 2 அல்லது 3 ஆம்பியர் ஃபியூஸ், 0.75 சதுர மி.மீ. ஒயர் போதும். பெட்டியில் கிடந்தது என்று 15 ஆம்பியர் ஃபியூஸைப் போட்டால், போட்டும் போடாததும் ஒன்றுதான்.

அடுத்தது ரிலே, அதாவது சாவி போட்டால் மட்டும் பேட்டரி இணைப்பைத் திறந்துவிடும் மின் சுவிட்ச். இதைத் தவிர்ப்பவர்களின் வண்டிதான் சில வாரம் நிறுத்திவைத்த பிறகு ஸ்டார்ட் ஆகாது. கருவியைக் கழற்றி எடுத்துவிட்டாலும், மின்னழுத்தம் குறைக்கும் கன்வர்ட்டர் சும்மா இருந்தபடியே கொஞ்சம் இழுக்கும். அது 10 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு நாளைக்கு 0.24 ஆம்பியர் மணி, 30 நாளில் 7.2. உங்கள் பேட்டரி 9 ஆம்பியர் மணி என்றால் மீதி என்ன இருக்கும்?

சாதாரண 12 வோல்ட் நான்கு பின் ரிலே போதும். 30-ஆம் பின்னுக்கு ஃபியூஸ் வழியாக வரும் பேட்டரி ஒயர், 87-ஆம் பின்னிலிருந்து கன்வர்ட்டருக்கு. 85 எர்த்துக்கு; 86-க்குச் சாவி போட்டால் மட்டும் உயிர் பெறும் ஒரு ஒயர். அதற்குப் பின்விளக்கு ஒயர் நல்லது. ஹெட்லைட் ஒயரை எடுக்காதீர்கள். பல வண்டிகளில் ஸ்டார்ட்டரை அழுத்தும்போது ஹெட்லைட் அணையும், கூடவே ஜிபிஎஸ்ஸும் அணைந்து எழும். கேன் பஸ் (வண்டியின் மின் பாகங்களைக் கணினி வழியே இணைக்கும் அமைப்பு) உள்ள புதிய வண்டியில் விளக்கு ஒயரைத் தொடவே வேண்டாம். கம்பெனியே கொடுத்திருக்கும் துணைக்கருவி இணைப்பைத் தேடிப் பிடியுங்கள்.

ஒயரை மெயின் ஒயரிங்கை ஒட்டியே கொண்டுபோய், ஹேண்டிலை இடம் வலம் இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். எங்கேயும் விறைக்கக் கூடாது, எதிலும் நசுங்கக் கூடாது. இணைப்புகளில் ஈயம் வைப்பதைவிட கிரிம்ப் செய்து (உலோக முனையில் ஒயரை நசுக்கிப் பிடிக்கவைத்து) மேலே ஸ்லீவ் உறை போடுவது மேல். ஈயம் ஊறி விறைத்த இடத்தின் விளிம்பில்தான் அதிர்வுக்கு ஒயர் ஒடியும்.

முடித்ததும் சாவியை எடுத்துவிட்டு, மல்டிமீட்டரை மில்லி ஆம்பியரில் வைத்து நெகட்டிவ் முனைக்கும் அதன் ஒயருக்கும் நடுவே சேருங்கள். வேலைக்கு முன்பே இப்படி ஒருமுறை அளந்து வைத்திருங்கள்; அந்த அளவைவிடக் கூடியிருந்தால் எங்கோ மின்சாரம் ஒழுகுகிறது. மீட்டர் இணைப்பில் இருக்கும்போது சாவியைப் போட்டுவிடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

டேங்க் மேல் வைப்பது

60 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 16.7 மீட்டர். கண்ணைத் தாழ்த்தி, திரையைப் பார்த்து, நிமிர 2 நொடி ஆனால் 33 மீட்டர் பார்க்காமல் ஓட்டியிருப்பீர்கள். கருவியை ஸ்பீடோமீட்டருக்கு மேலே வையுங்கள். மவுண்ட் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் ஒரு பாதுகாப்புக் கயிறும் கட்டுங்கள்.

வழியை ஏற்றிவிட்டு அப்படியே நம்புவது

கணினியில் பார்த்துப் பார்த்து மலைப்பாதை வழியாகப் போட்ட வழி, கருவியில் ஏற்றியதும் நெடுஞ்சாலைக்குப் போய்விடும். கருவியைத் திட்டிப் பயனில்லை. வழியைக் கருவிக்கு மாற்றப் பயன்படும் ஜிபிஎக்ஸ் கோப்பில் ‘ரூட்’ என்பது சில புள்ளிகள் மட்டுமே. நடுவில் உள்ள சாலையைக் கருவி தன்னிடமுள்ள வரைபடத்தையும் ‘வேகமான வழி’, ‘மண்சாலை தவிர்’ போன்ற உங்கள் அமைப்புகளையும் வைத்து மறுபடி கணக்கிடும். ‘டிராக்’ என்பது நெருக்கமாக வைத்த புள்ளிகளின் கோடு, அது மாறாது. ஆனால் பல கருவிகளில் திருப்பம் வரும்போது குரல் சொல்லாது. இரண்டையும் ஏற்றுங்கள். டிராக்கை வேறு நிறத்தில் வரைபடத்தில் காட்டச் செய்து, ரூட் அதிலிருந்து விலகுகிறதா என்று கிளம்புவதற்கு முந்தைய இரவே பாருங்கள். விலகும் இடத்தில் இன்னொரு புள்ளியைச் சேர்த்தால் வழிக்கு வரும்.

அந்தப் புள்ளியைச் சந்திப்பின் மேல் வைக்காதீர்கள். சாலையின் எதிர்ப்பக்கத்திலோ கிளைச் சாலையிலோ பத்து மீட்டர் தள்ளி விழுந்தால்கூட, அங்கே போய்த் தொட்டுவிட்டுத் திரும்பு என்று கருவி அடம்பிடிக்கும். சந்திப்பைத் தாண்டி ஒரு கிலோமீட்டர் தள்ளி, சாலையின் நடுவில், வரைபடத்தை நன்றாகப் பெரிதாக்கி வையுங்கள். கட்டாயம் நிற்க வேண்டிய இடம், வழியை வளைக்க மட்டும் உள்ள புள்ளி என்று இரண்டு வகை இருக்கும் கருவியில் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள்.

அணைத்திருந்த கருவியை எடுத்தவுடன் ஓட்டுவது

பல வாரம் அணைந்து கிடந்த கருவிக்குச் செயற்கைக்கோள்கள் எங்கே என்பதே மறந்திருக்கும். திறந்த வானத்தின் கீழ் சில நிமிடம் அசையாமல் நிறுத்துங்கள்.

பழைய கருவி வாங்கும்போது தேதியைப் பார்க்காதது

ஜிபிஎஸ்ஸின் வார எண்ணிக்கை 1024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். கடைசியாகத் திரும்பியது 2019 ஏப்ரலில். அதற்கான மென்பொருள் ஏறாத பழைய கருவி கிட்டத்தட்ட இருபது வருடம் பின்னால் இருக்கும். தேதி தவறாகக் காட்டினால், கம்பெனி இன்னும் மென்பொருள் தருகிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

ஆயத்தொலைவை (இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) முறை மாற்றித் தட்டுவது

11.30 டிகிரியும் 11 டிகிரி 30 நிமிடமும் ஒன்றல்ல. இரண்டாவது 11.50. அட்சரேகையில் இந்த 0.2 டிகிரி வித்தியாசம் சுமார் 22 கி.மீ. நண்பர் அனுப்பிய எண்ணில் டிகிரி, நிமிடம், விநாடிக் குறிகள் இருக்கின்றனவா, வெறும் தசமமா என்று பார்த்து, கருவியின் அமைப்பையும் அதே முறைக்கு மாற்றிவிட்டுத் தட்டுங்கள்.

‘வீடு’ பொத்தானில் வீட்டைப் பதிவது

கருவியைத் திருடியவனுக்கு உங்கள் வீட்டு வழியும், நீங்கள் வீட்டில் இல்லை என்பதும் சேர்ந்தே கிடைக்கும். பக்கத்துப் பெட்ரோல் பங்கைப் பதியுங்கள்.