ஃபார்மலின் ஜாடி கசிந்தால் என்ன செய்வது?

விலங்கியல் அருங்காட்சியக அறையைத் திறந்ததும் கண் கரித்தால் ஏதோ ஒரு ஜாடியிலிருந்து ஃபார்மால்டிஹைடு கசிகிறது என்று அர்த்தம். மாதிரிகளைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின், இந்த வாயு கரைந்த நீர்தான். சற்று நேரத்தில் வாடை தெரியாமல் போகும். மூக்குதான் பழகியிருக்கும், வாயு அப்படியே இருக்கும். புற்றுநோய் உண்டாக்கும் வாயு இது. 15 நிமிடத்துக்குக் காற்றில் பத்து லட்சத்தில் 0.1 பங்கைத் தாண்டக்கூடாது என்கிறது அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ். ஊதுபத்தி கொளுத்தி மறைக்காதீர்கள். அந்தப் புகையிலும் ஃபார்மால்டிஹைடு உண்டு.

ஜன்னல்களைத் திறந்து எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டபின் ஜாடிகளைப் பாருங்கள். திரவ மட்டம் இறங்கியது, மூடியோரம் வெள்ளைப் பொருக்கு படிந்தது, தகர மூடி துருப்பிடித்தது எல்லாம் சந்தேகத்துக்குரியவை. பழைய ஃபார்மலின் காற்றுபட்டு ஃபார்மிக் அமிலமாகிறது. அது மூடியையும் அரிக்கும், மீனின் எலும்பையும் கரைக்கும். அப்படிப்பட்ட மீனின் வால் ரப்பர் போல வளையும்.

கண்ணாடி மூடியென்றால் விளிம்பை ஈரமில்லாமல் துடைத்து, மெல்லியதாக வாஸ்லின் தடவி, அழுத்தித் திருகுங்கள். ஈரத்தின் மேல் வாஸ்லின் ஒட்டாது. தகர மூடிக்குப் பதில் பாலிப்ரோப்பிலீன் மூடி போடுங்கள்.

நிரந்தரத் தீர்வு, மாதிரியை 70% எத்தனாலுக்கு மாற்றுவது. வாயு உறிஞ்சும் கூண்டுக்குள், நைட்ரைல் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்து செய்யுங்கள். துணி மாஸ்க், என்95 எதுவும் வாயுவைத் தடுக்காது. ஃபார்மால்டிஹைடுக்கென்றே குறித்த கார்ட்ரிட்ஜ் (வாயுவை வடிகட்டும் குப்பி) பொருத்திய முகக்கவசம் வேண்டும். பழைய திரவத்தைத் தொட்டியில் கொட்டாமல் மூடிய கேனில் சேர்த்து, அபாயக் கழிவாக அனுப்புங்கள். சிறிய மீனை ஓரிரு நாள், தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவையுங்கள். ஊறும் தண்ணீரிலிருந்தும் வாயு வரும், மூடியே வையுங்கள். நேரே 70%-இல் போட்டால் உடல் சுருங்கிவிடும். 25%, 50%, பிறகு 70% என ஒவ்வொன்றிலும் ஒரு நாளாவது இருக்கட்டும். 95% எத்தனால் 700 மில்லியுடன் வடித்த நீர் சேர்த்து 950 மில்லியாக்கினால் 70% கிடைக்கும். நம்மூர் அறை வெப்பத்திலேயே இதன் ஆவி தீப்பற்றும் என்பதால் தீப்பொறி பக்கம் வரக்கூடாது.

பழைய லேபிளைத் தூக்கிப்போடாதீர்கள். பிடித்த இடமும் தேதியும் போனால் அந்த மாதிரிக்கு மதிப்பே இல்லை. புதிதாக எழுதுவதைப் பென்சிலால் எழுதுங்கள், பால்பாயிண்ட் மை எத்தனாலில் கரைந்துவிடும்.

ஃபார்மலினிலேயே இருக்க வேண்டியவற்றுக்கு, நீர் கலக்காத அடர் ஃபார்மலின் 100 மில்லி, 900 மில்லி நீர், அதில் மோனோசோடியம் பாஸ்பேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் பாஸ்பேட் 6.5 கிராம். அமிலமாவதை இது தடுக்கும்.

மூடிய ஜாடியை எடைபோட்டுக் குறித்துவைத்து, ஒரு மாதம் கழித்து மறுபடி எடைபோடுங்கள். குறைந்திருந்தால் மூடி இன்னும் கசிகிறது.