ஏற்காடு ஏற்றத்தில் பழைய கார் திணறுதா? கார்ப்ரேட்டரைக் கழற்றாதீங்க, முதல்ல இதைப் பாருங்க

அடிவாரம் வரை ஒழுங்காக வந்த வண்டி, ஆறாவது ஏழாவது கொண்டை ஊசி வளைவில் திணற ஆரம்பித்து, கியரைக் குறைத்தும் இழுக்காமல் அப்படியே அணைந்துவிடும். பக்கத்தில் நிற்கிற யாராவது ஒருவர் "கார்ப்ரேட்டர்ல குப்பை சார், கழட்டி க்ளீன் பண்ணணும்" என்பார். பத்மினி, அம்பாசிடர், இன்ஜெக்‌ஷன் வராத காலத்து மாருதி 800, எதுவாக இருந்தாலும் இதே பதில்தான். பெட்ரோல் எந்த இடத்தில் தடைபட்டு நிற்கிறது என்று தெரியாமல், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கிற கார்ப்ரேட்டரில் கை வைத்தால் கேஸ்கட் கிழிவதுதான் மிச்சம்.

வண்டியை ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். பீடி சிகரெட்டோடு வேடிக்கை பார்க்கிறவர்களைத் தள்ளிப் போகச் சொல்லுங்கள். இன்ஜின் ஓடாமல் இருக்கும்போதே ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்ப்ரேட்டர் வாய்க்குள் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டே ஆக்சிலேட்டர் லிங்கைக் கையால் முழுதாக இழுங்கள். உள்ளே பெட்ரோல் மெல்லிய கம்பி மாதிரி பீச்சினால் கிண்ணத்தில் (கார்ப்ரேட்டருக்குள் பெட்ரோல் தேங்குகிற இடம்) பெட்ரோல் இருக்கிறது, கார்ப்ரேட்டரை விட்டுவிட்டு பிளக், காயில், பாயிண்ட் என்று கரண்டு பக்கம் போங்கள். பீச்சவில்லை என்றால் பெரும்பாலும் கிண்ணம் காலி. (மிதிக்கும்போது பெட்ரோலைப் பீச்சுகிற ஆக்சிலேட்டர் பம்பின் டயாப்ரம், அதாவது உள்ளே இருக்கிற மெல்லிய ஜவ்வு, கிழிந்திருந்தாலும் பீச்சாதுதான், ஆனால் அதற்காக வண்டி நடுரோட்டில் நிற்காது, மிதிக்கும்போது ஒரு தடவை தயங்கும்.) பழைய அம்பாசிடரில் எஸ்யூ (SU) வகை கார்ப்ரேட்டர் இருந்தால் இந்தச் சோதனை செல்லாது, அதில் பீச்சுகிற பம்பே கிடையாது, நேராக அடுத்ததற்குப் போங்கள்.

கிண்ணம் காலி என்றால் முதலில் டேங்க் மூடியைத் திறங்கள். புஸ் என்று காற்று உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டால் மூடியின் மூச்சுத் துளை அடைத்திருக்கிறது, டேங்கிலிருந்து கார்ப்ரேட்டருக்குப் பெட்ரோல் அனுப்புகிற பம்பு இழுக்க இழுக்க டேங்கில் காற்றழுத்தம் குறைந்து பெட்ரோல் வராமல் நின்றுவிடும். துளையைச் சுத்தம் செய்தால் போதும், செலவே இல்லை.

அடுத்தது சூடு. சித்திரை வெயிலில் கோரிமேடு தாண்டி இரண்டாவது கியரிலேயே ஏறும்போது பானெட்டுக்குள் காற்றோட்டம் குறைவு, பம்பிலும் ஓஸிலும் இருக்கிற பெட்ரோல் ஆவியாகிவிடும். ஆவியை அந்த மெக்கானிக்கல் பம்பால் தள்ள முடியாது. பானெட்டைத் திறந்து வைத்து, பம்பின் மேல் ஈரத்துணி போட்டு, ஆறிய பிறகு தானாக ஸ்டார்ட் ஆனால் இதுதான் காரணம். பெட்ரோல் ஓஸ் எக்ஸாஸ்ட்டை ஒட்டிப் போகிறதா என்று பார்த்து விலக்கிக் கட்டுங்கள்.

ஆறியும் வரவில்லையா? காயிலுக்கு வருகிற வயரைக் கழற்றிவிடுங்கள், ஸ்பார்க் வந்தால் ஆபத்து. கார்ப்ரேட்டரில் ஏறுகிற ஓஸை உருவி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். குபுக் குபுக்கென்று நன்றாக வந்தால் பம்பு நல்ல பம்பு, கிண்ணத்துக்குள் பெட்ரோலைத் திறந்து மூடுகிற நீடில் வால்வு ஒட்டியிருக்கும் அல்லது கார்ப்ரேட்டர் வாசலில் உள்ள சல்லடை அடைத்திருக்கும். இப்போதுதான் கார்ப்ரேட்டரைத் திறக்க ஒரு நியாயம் இருக்கிறது. ஜெட்டை (பெட்ரோலை அளந்து விடுகிற சின்னத் துளை) கம்பியால் குத்தாதீர்கள், பித்தளைத் துளை பெரிதாகிவிடும், பஞ்சர் கடைக் காற்று போதும்.

பாட்டிலில் வரவே இல்லை என்றால் டேங்க் பக்கத்து ஓஸைப் பம்பிலிருந்து கழற்றி ஊதுங்கள், டேங்கில் குமிழ் சத்தம் கேட்டால் லைன் திறந்திருக்கிறது, பம்பைச் சந்தேகிக்கலாம். ஆனால் பம்பு மாற்றும் முன் அந்த ஓஸை வளைத்துப் பாருங்கள். பம்புக்கு முன்னால் இருக்கிற வெடிப்பு வெளியே ஒழுகாமலே இருக்கும், காற்றை மட்டும் உள்ளே இழுக்கும். இப்போது வருகிற எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்குவதில்லை, ஓஸும் டயாப்ரமும் சீக்கிரம் போகின்றன. இன்னொன்று, டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை அடித்து ஆயில் மட்டமும் ஏறியிருந்தால் பம்பு டயாப்ரம் கிழிந்து பெட்ரோல் ஆயிலில் இறங்குகிறது, அதோடு வண்டியை ஓட்டவே ஓட்டாதீர்கள்.

அணையாமல் ஏற்றத்தில் மட்டும் இழுவை இல்லை என்றால், ஓடும்போதே சோக்கை (காற்றைக் குறைத்து பெட்ரோலைக் கூட்டுகிற குமிழ்) கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். தேறினால் பெட்ரோல் பத்தவில்லை, ஃபில்டர் அல்லது மெயின் ஜெட். இன்னும் மோசமானால் பெட்ரோல் அதிகம், நீடில் வால்வு தேய்ந்திருக்கும் அல்லது கிண்ணத்தில் மிதந்து அந்த வால்வை மூடுகிற ப்ளோட் ஓட்டையாகியிருக்கும். ஓட்டையான ப்ளோட்டைக் கழற்றிக் காதருகே ஆட்டினால் உள்ளே பெட்ரோல் சலசலக்கும்.

மேலே போய்ச் சேர்ந்த பிறகு ஐடில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடுவது) கொஞ்சம் உதறினால் உடனே ஸ்க்ரூவைத் திருகவேண்டாம். சேலம் 300 மீட்டருக்கும் கீழே, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், காற்று லேசாக இருப்பதால் கலவையில் பெட்ரோல் கூடித் தெரியும், கீழே இறங்கினால் சரியாகிவிடும். வண்டி எப்போதும் மலை மேலேயே ஓடுகிறது என்றால் மட்டும் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் குறைத்துப் போட்டுக்கொள்ளலாம்.