திருமணத்துக்கு ஏற்ற பருவம்: நாள் குறிப்பதற்கு முன் மாதத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

தமிழ்நாட்டில் பெரும்பாலான குடும்பங்கள் திருமணம் உறுதியானதும் சோதிடரிடம் சென்று ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அதன் பிறகே மண்டபம், சமையல், பயணம், மழை, வெயில் ஆகியவற்றைப் பற்றி யோசிக்கத் தொடங்குகின்றன. இந்த வரிசையை மாற்றிக்கொண்டாலே பாதிச் சிரமம் குறைந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து. எந்த ஊரில் திருமணம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அந்த ஊருக்கும் வரவிருக்கும் உறவினர்களுக்கும் ஏற்ற இரண்டு அல்லது மூன்று மாதங்களை அடுத்ததாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த மாதங்களுக்குள் நல்ல முகூர்த்தங்களைக் கேட்டு வாங்குவதற்காகவே சோதிடரிடம் செல்ல வேண்டும். நல்ல நேரம் பார்ப்பதில் நம்பிக்கை உள்ளவர்களுக்கு இதனால் எந்தக் குறைவும் இல்லை. ஓர் ஆண்டில் முகூர்த்த நாள்கள் பல இருக்கின்றன. அவற்றுள் முதியவர்கள் வெயிலில் வாடாத, விருந்தினர் வெள்ளத்தில் சிக்காத நாளைத் தேடுவது நம் பொறுப்பு.

பன்னிரண்டு மாதங்களும் நம் கையில் இல்லை என்பதால், எவை விலகும் என்பதிலிருந்து தொடங்குவது எளிது. ஆடி, புரட்டாசி, மார்கழி ஆகிய மூன்று மாதங்களில் இந்துக் குடும்பங்கள் பொதுவாகத் திருமணம் நடத்துவதில்லை. பங்குனியைச் சில குடும்பங்கள் தவிர்க்கின்றன. வேறு சில குடும்பங்களோ பங்குனி உத்திரத்தையே தெய்வத் திருமண நாளாகப் போற்றி அன்றே மணம் முடிக்கின்றன. மூத்த மகனுக்கும் மூத்த மகளுக்கும் ஆனியில் திருமணம் செய்யும் வழக்கம் சில வீடுகளில் இல்லை. ஒரே மாதத்தில் இரண்டு அமாவாசையோ இரண்டு பௌர்ணமியோ வந்தால் அதை மலமாதம் என்று ஒதுக்குவதும் உண்டு. ஆகவே பேச்சைத் தொடங்கும்போதே இரு வீட்டுப் பெரியவர்களிடமும், தங்கள் குடும்பத்தில் எந்த மாதம் ஆகாது என்று வெளிப்படையாகக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்த பிறகு சம்பந்தி வீட்டிலிருந்து "எங்களுக்குப் பங்குனி வழக்கமில்லை" என்ற சொல் வந்தால், அந்த மனக்கசப்பு திருமண நாள் வரை தொடரும்.

மழையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றினால் கிடைக்கிறது. ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று நம் முன்னோர் சொன்னதும் இதைத்தான். இந்த மழை எல்லா ஊர்களுக்கும் ஒன்றுபோல் வருவதில்லை. சென்னையிலிருந்து கடலூர், நாகப்பட்டினம் வழியாகச் செல்லும் கடலோரத்தில் அதன் கடுமை மிகுதி. 2015 டிசம்பர் தொடக்கத்தில் சென்னையை மூழ்கடித்த வெள்ளம், 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பகுதியில் கரையைக் கடந்த கஜா புயல், 2023 டிசம்பர் தொடக்கத்தில் சென்னையைத் தாக்கிய மிக்ஜாம் புயல், 2024 நவம்பர் இறுதியில் புதுச்சேரி, விழுப்புரம் பகுதிகளைப் புரட்டிய ஃபெஞ்சல் புயல் ஆகிய அனைத்தும் ஐப்பசிக் கடைசியிலோ கார்த்திகையிலோ வந்தவை. இவ்விரு மாதங்களிலும் முகூர்த்தங்கள் நிறைய உண்டு என்பது உண்மைதான். ஆனாலும் கடலோர மாவட்டங்களில் திருமணம் நடத்துபவர்கள் வேறு வழியிருந்தால் இவற்றைத் தவிர்ப்பதே நல்லது. ஐப்பசியில் இன்னொரு சிக்கலும் உண்டு. தீபாவளி தேய்பிறையின் முடிவில் வருவதால், அதற்கு அடுத்து வரும் வளர்பிறை முகூர்த்தங்கள் ஊர் திரும்பும் கூட்டத்தோடு மோதுகின்றன. பேருந்திலும் ரயிலிலும் இடம் கிடைப்பது கடினம்.

தவிர்க்க முடியாமல் ஐப்பசியிலோ கார்த்திகையிலோ நடத்த வேண்டியிருந்தால், மண்டபத்தின் அழகைப் பார்ப்பதற்கு முன் அது நிற்கும் தெருவைப் பார்க்க வேண்டும். கடந்த மழைக்காலங்களில் அந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் தேங்கியது என்பதைப் பக்கத்துக் கடைக்காரர்களிடம் கேட்டால் உண்மை தெரிந்துவிடும். சமையற்கூடமும் ஜெனரேட்டரும் தரைமட்டத்திலோ அதற்குக் கீழோ இருந்தால் அந்த மண்டபம் வேண்டாம். கோயம்புத்தூர், ஈரோடு, சேலம் போன்ற உள் மாவட்டங்களில் இதே மாதங்களில் மழை பெய்தாலும் கடலோரத்தின் புயல் அச்சம் அந்த அளவுக்கு இல்லை என்பதால், அங்குள்ளவர்கள் கார்த்திகையைக் கருத்தில் கொள்ளலாம்.

வெயிலின் கணக்கு வேறு. அக்னி நட்சத்திரம் பெரும்பாலும் மே 4 முதல் 28 வரை, அதாவது சித்திரைப் பிற்பகுதியிலிருந்து வைகாசி நடு வரை நீடிக்கிறது. வேலூர், திருச்சி, கரூர், மதுரை ஆகிய இடங்களில் அந்நாள்களில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டுவது வழக்கம்; சென்னை போன்ற கடலோர ஊர்களில் வெப்பத்தோடு புழுக்கமும் சேர்ந்துகொள்ளும். இருந்தும் பள்ளி விடுமுறை என்பதால் வைகாசித் திருமணங்களை யாரும் விடப் போவதில்லை. அதைக் குறை சொல்லவும் முடியாது. அப்படியானால் முகூர்த்த நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். காலை 6 முதல் 7.30 வரையிலான முகூர்த்தம் அமைந்தால் தாலி கட்டும் நேரமும் காலைப் பந்தியும் வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும்; 9 முதல் 10.30 என்றால் மதியப் பந்திக்கு உட்காரும் முதியவர்கள் உச்சி வெயிலில் வீடு திரும்ப நேரிடும். அடுப்பருகே நிற்பவர்களையும் மறக்கக் கூடாது. சமையற்கூடத்தில் காற்றோட்டம் இருக்கிறதா என்பதை நாமே உள்ளே சென்று பார்க்க வேண்டும். இரவில் அரைத்த தேங்காய்ச் சட்னி காலையில் புளித்துவிடும் பருவம் இது என்பதால், உணவுப் பட்டியலையும் சமையல் மாஸ்டரோடு சேர்ந்து கோடைக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும்.

மேற்கு மலைத்தொடரை ஒட்டிய ஊர்களுக்கு இந்தப் பொதுக்கணக்கு பொருந்தாது. கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் கிடைப்பதால் அங்கே ஜூன் மாதமும் நனைந்திருக்கும், அக்டோபரும் நனைந்திருக்கும். தை முதல் பங்குனி வரையிலான காலமே நம்பத்தக்கது. தென்காசியில் ஆனி மாதம் சாரலும் காற்றுமாக இனிமையாக இருக்கும், ஆனால் திறந்த வெளியில் பந்தல் போட்டால் காற்று அதைச் சும்மா விடாது. நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் தென்மேற்கு மழையும், குன்னூர்ப் பக்கம் வடகிழக்கு மழையும் மிகுதி என்பதால், ஒரே மாவட்டத்துக்குள்ளும் ஊருக்கு ஊர் விசாரிக்க வேண்டும்.

இனி மனிதர்களைப் பற்றிய கணக்கு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகள் மார்ச், ஏப்ரல் மாதங்களில் நடைபெறுகின்றன. மணமக்களின் தம்பியோ தங்கையோ, மிக நெருங்கிய உறவின் பிள்ளைகளோ அவ்வகுப்புகளில் படித்தால் மாசியின் பின்பகுதியையும் பங்குனியையும் விட்டுவிடுவதுதான் நியாயம். வெளிநாட்டில் வாழும் உறவினர்களுக்கு விடுமுறை கிடைப்பது பெரும்பாலும் டிசம்பர் இறுதியில், அது மார்கழி. அவர்களின் வருகை இன்றியமையாதது என்றால், விடுமுறையைச் சில நாள்கள் தள்ளி எடுத்துப் பொங்கலுக்கு வந்து, தை மாதத்தின் முதல் சில முகூர்த்தங்களில் ஒன்றில் கலந்துகொள்ள இயலுமா என்று ஓராண்டுக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். அமெரிக்காவில் பள்ளி செல்லும் பிள்ளைகளோடு வருபவர்களுக்கு ஜூன், ஜூலையில் வரும் ஆனி பொருந்தும். காவிரிப் படுகையில் உழவுக் குடும்பங்கள் என்றால் தையிலும் மாசி முற்பகுதியிலும் சம்பா அறுவடை நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். களத்தில் நெல் கிடக்கும்போது எந்தப் பெரியப்பாவும் மூன்று நாள் வந்து தங்க மாட்டார். அறுவடை முடிந்த பின் கையில் பணமும் இருக்கும், மனமும் இளகியிருக்கும்.

சந்தை நிலவரமும் பருவத்தோடு மாறும். மல்லிகை பங்குனி முதல் கோடை முழுவதும் மிகுதியாகப் பூக்கும். பனி இறங்கும் கார்த்திகை முதல் தை வரை பூப்பது குறைந்து, மதுரை மாட்டுத்தாவணி, திண்டுக்கல், தோவாளை ஆகிய சந்தைகளில் கிலோ விலை ஆயிரங்களைத் தொடுவது ஆண்டுதோறும் நடப்பது. தை மாதத் திருமணத்துக்கு மேடை அலங்காரத்தைச் சாமந்தி, சம்பங்கி என்று அமைத்துக்கொண்டு, மல்லிகையைப் பெண்கள் சூடும் சரத்துக்கும் மாலைக்கும் மட்டும் வைத்துக்கொள்வது அறிவுடைமை. முருங்கைக்காயும் குளிர்மாதங்களில் விலை ஏறும். மழைக்காலத்தில் தக்காளி விலை நிலையாக இராது. வாழையிலையோ, பெரிய முகூர்த்த நாளில் எந்தப் பருவத்திலும் விலை உயரும்.

இத்தனையையும் சேர்த்துப் பார்த்து என்னிடம் ஒரு மாதத்தைச் சொல்லச் சொன்னால், தேர்வு எழுதும் பிள்ளைகள் இல்லாத வீட்டுக்கு மாசியைச் சொல்வேன். மழை ஓய்ந்து, வெயில் ஏறாமல், இரவுக் குளிர் மட்டும் சற்றே எஞ்சியிருக்கும் காலம் அது. மாசியில் கட்டிய தாலிக்கயிறு பாசி படியும் அளவுக்கு நெடுநாள் நிலைக்கும் என்ற பொருளில் மாசிக் கயிறு பாசி படியும் என்று சொல்லும் வழக்கும் பெரியவர்களின் மனத்துக்கு நிறைவு தரும். அதற்கு அடுத்து ஆவணி. சென்னையிலும் வட மாவட்டங்களிலும் ஆவணியில் இடிமழை பெரும்பாலும் மாலையிலோ இரவிலோ பெய்வதால், காலை முகூர்த்தத்துக்கு இடையூறு குறைவு. முந்தின நாள் மாலை நடக்கும் வரவேற்பைத் திறந்த வெளியில் வைக்காமல் மண்டபத்துக்குள் வைத்தால் போதும். ஆவணிக்கு முன் ஆடி இருப்பது கூடுதல் வசதி. பட்டும் பாத்திரமும் தள்ளுபடியில் வாங்கி, ரவிக்கை தைக்கக் கொடுத்து, பத்திரிகை அச்சடித்து முடிக்க ஒரு முழு மாதம் கிடைக்கிறது. தைக்கு முன் மார்கழியும் அவ்வாறே உதவும்.

முகூர்த்தம் பார்க்காதவர்களுக்கும் பிற சமயத்தவர்க்கும் வாய்ப்புகள் வேறு. தமிழ்நாடு 1967-இல் இந்துத் திருமணச் சட்டத்தில் செய்த திருத்தத்தால் சட்ட ஏற்புப் பெற்ற சுயமரியாதைத் திருமணத்தை நடத்துவோர் ஆடியிலும் மார்கழியிலும் விரும்பிய மண்டபத்தை விரும்பிய ஞாயிற்றுக்கிழமையில் பெறலாம். வாடகையையும் பேசிக் குறைக்கலாம். கிறித்தவக் குடும்பங்கள் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்திலும் கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்திலும் பொதுவாகத் திருமணம் வைப்பதில்லை என்பதால் மாசி, பங்குனி அவர்களுக்குப் பெரும்பாலும் அடைபட்டுவிடும். கிறிஸ்துமஸை ஒட்டித் தென் மாவட்டங்களில் திருமணம் வைப்பவர்கள், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்ததை நினைவில் வைத்து, டிசம்பர் முடியும் வரை மழைக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும். இஸ்லாமியக் குடும்பங்களுக்கு ரமலான் ஆண்டுதோறும் பதினொரு நாள் அளவில் முன்னே நகர்ந்து வருவதால், சென்ற ஆண்டுத் தேதியை வைத்துக் கணக்கிட முடியாது. நெருங்கிய இஸ்லாமிய நண்பர்களை விருந்துக்கு அழைக்கும் பிறரும், பகல் விருந்தை நோன்பு மாதத்தில் வைக்காமல் இருப்பது நல்ல பண்பு.

மாதங்கள் முடிவானதும் சோதிடரிடம் மணமக்கள் இருவரின் சாதகத்தையும் கொடுத்து, அம்மாதங்களுக்குள் குறைந்தது மூன்று முகூர்த்தங்களாவது குறித்துத் தரும்படி கேட்க வேண்டும். அவற்றுள் ஒன்றாவது வார நாளில் அமையட்டும். வளர்பிறை ஞாயிறு முகூர்த்தத்தில் ஒரே நகரில் எல்லா மண்டபங்களும் நிறைந்துவிடுவதோடு, நாதஸ்வரக் குழு, புகைப்படக்காரர், சமையல் மாஸ்டர் ஆகியோரும் ஒரே நாளில் இரண்டு மூன்று இடங்களுக்கு ஒப்புக்கொள்ள நேரிடுகிறது. திருப்பரங்குன்றம், வடபழனி போன்ற முருகன் கோயில்களில் மணம் முடிக்க விரும்புபவர்களுக்கு இந்த எச்சரிக்கை இரு மடங்கு பொருந்தும், ஏனெனில் பெரிய முகூர்த்தத்தன்று அங்கே ஒன்றன்பின் ஒன்றாகப் பல திருமணங்கள் நடைபெறும்.

மூன்று தேதிகளையும் எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குச் சென்று, கிடைக்கும் தேதியை உறுதி செய்த அன்றே வெளியூர் உறவினர்களுக்குத் தொலைபேசியில் தெரிவித்துவிட வேண்டும். ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாள்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. பத்திரிகை கைக்கு வரும் வரை அவர்கள் காத்திருந்தால் இடம் போய்விடும். தேர்தல் ஆண்டா என்பதையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் அண்மைக்காலச் சட்டமன்றத் தேர்தல்களும் மக்களவைத் தேர்தல்களும் ஏப்ரல், மே மாதங்களிலேயே நடந்துள்ளன. நடத்தை விதிகள் நடைமுறையில் இருக்கும்போது 50,000 ரூபாய்க்கு மேல் உரிய ஆவணமின்றிக் கொண்டு சென்றால் பறக்கும் படையினர் பறிமுதல் செய்யக்கூடும் என்பதால், நகை வாங்கவோ மண்டபத்துக்குப் பணம் செலுத்தவோ செல்பவர்கள் வங்கியில் பணம் எடுத்த சீட்டையும் திருமணப் பத்திரிகையையும் கையோடு வைத்திருக்க வேண்டும்.

மழைக்கால மாதங்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் மண்டப ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், புயலாலோ வெள்ளத்தாலோ திருமணம் தள்ளிப்போனால் முன்பணம் வேறு தேதிக்கு மாற்றித் தரப்படுமா, எத்தனை மாதங்களுக்குள் மாற்ற வேண்டும் ஆகிய இரண்டையும் எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.