சார்ம் குவார்க்கை நம்ம லேப்டாப்ல ஓடவிடலாம் வாங்க

மே மாச சீசன்ல ஊட்டி மார்க்கெட் கூட்டத்துக்குள்ள கேரட் மூட்டை தூக்கிட்டு போற அண்ணனை பார்த்திருப்பீங்க. ஆளாளுக்கு இடிக்கிறாங்க, ஒரு இடிக்கு அவரு அசைய மாட்டாரு, ஆனா நூறு இடி விழுந்தா வேகம் குறைஞ்சு கொஞ்சம் இப்படி அப்படி தள்ளாடி கடைசில கூட்டத்தோட கூட்டமா நகருவாரு. ஜெனீவால ரெண்டு ஈய அணுக்கருவை மோதவிட்டா வர்ற குவார்க்-குளுவான் பிளாஸ்மாவுல (புரோட்டான், நியூட்ரான் எல்லாம் உருகி உள்ள இருக்கிற குவார்க்கும் குளுவானும் கலந்து ஓடுற சூடான குழம்பு) சார்ம் குவார்க், அதாவது கனமான ஒரு வகை குவார்க்கோட கதையும் இதேதான். கனம் அதிகம்ங்கிறதால அது மோதின முதல் கணத்துலயே பிறந்துடும், அப்புறம் பிளாஸ்மா சூட்டுல புதுசா உருவாகுறது ரொம்ப அபூர்வம், அதனாலதான் முழுக் கதைக்கும் அது சாட்சி.

முதல்ல நம்பர் எடுத்துக்கோங்க. சார்ம் நிறை 1.5 ஜிஇவி (துகள் இயற்பியல்ல நிறை, ஆற்றல், உந்தம், வெப்பநிலை எல்லாத்தையும் அளக்குற அலகு), பிளாஸ்மாவோட வெப்பநிலை 0.3 ஜிஇவி (அதாவது சுமார் 3.5 லட்சம் கோடி கெல்வின்!). இழுவை, அதாவது வேகத்தை குறைக்கிற வீதம், ஒரு ஃபெர்மி நேரத்துக்கு (ஒளி ஒரு ஃபெர்மி தூரத்தை, அதாவது 10⁻¹⁵ மீட்டரை, கடக்குற நேரம்) 0.478, உதை, அதாவது அந்த கூட்டத்து இடி மாதிரி பிளாஸ்மா துகள் இடிக்கிறது, அதோட பலம் காப்பா 0.43. இது ரெண்டையும் தனித்தனியா இஷ்டத்துக்கு வைக்கக் கூடாது, காப்பான்னா 2 × இழுவை × நிறை × வெப்பநிலை, அவ்ளோதான்.

அடுத்து பைத்தான்ல பத்தாயிரம் குவார்க், எல்லாத்துக்கும் எக்ஸ் திசைல உந்தம் (நிறையும் வேகமும் சேர்ந்த அளவு) 5 ஜிஇவி, மத்த ரெண்டு திசைலயும் சைபர். நேரத்தை 0.02 ஃபெர்மி துண்டா வெட்டி ஒவ்வொரு துண்டுலயும் உந்தத்துல இருந்து இழுவை × உந்தம் × 0.02 கழிங்க, அப்புறம் மூணு திசைக்கும் தனித்தனியா ஒரு காஸியன் ரேண்டம் நம்பரை (சராசரி 0, பரவல் 1) எடுத்து (காப்பா × 0.02)-ஓட வர்க்கமூலத்தால பெருக்கி கூட்டுங்க. முதல் துண்டுல இழுவையால குறையுறது 0.048தான், உதையோ 0.093 அளவுக்கு இருக்கும், ஆனா உதை எல்லா பக்கமும் விழுது, இழுவை எப்பவும் பின்னாடிதான்.

இங்கதான் நான் மாட்டினேன். மழைல கரண்ட் போய் போய் வந்த ஒரு ராத்திரி, 0.02-ஐ வர்க்கமூலத்துக்குள்ள போடாம வெளிய போட்டுட்டேன், குவார்க் எல்லாம் செத்த மாதிரி நின்னுடுச்சு. ஒரு திசைல உந்த வர்க்கத்தோட சராசரி கடைசில நிறை × வெப்பநிலை, அதாவது 0.45க்கு வரணும், எனக்கு வந்தது 0.009! அதனால 500 துண்டு, அதாவது 10 ஃபெர்மி ஓட்டினதும் முதல்ல இதை செக் பண்ணுங்க.

கறாரா பார்த்தா இழுவைல நிறைக்கு பதில் ஆற்றலை போடணும், வெப்பநிலையும் நேரத்தோட குறையணும், அதெல்லாம் அப்புறம்.

கடைசியா நிறையை 4.5 ஆக்குங்க, இது சார்மை விட கனமான பாட்டம் குவார்க். காப்பாவை தொடாதீங்க, இழுவை தானா மூணுல ஒண்ணு ஆகிடும். 10 ஃபெர்மி கழிச்சு சார்மோட 5ல மிஞ்சுறது சராசரியா 0.04, பாட்டத்துக்கு இன்னும் 1 பாக்கி இருக்கும், ஏன்னா அந்த அண்ணன் தூக்கினது மூணு மூட்டை.