டயாலிசிஸில் இருப்பவர் ஊருக்குப் போவதென்றால்

வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போவதென்றால் முதலில் அங்கே டயாலிசிஸ் இடம் உறுதியாக வேண்டும், அதற்குப் பிறகுதான் விமானச்சீட்டு. பலர் இதை மாறிச் செய்துவிட்டுக் கடைசிக் கிழமையில் தொலைபேசியோடு ஓடித்திரிகிறார்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டுச் சனம் குவியும் என்பதால் இரண்டு, மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள்.

யாழ். போதனா வைத்தியசாலையில் டயாலிசிஸ் பிரிவு உண்டு. ஆனால் அது உள்ளூர் நோயாளருக்கே போதாது. விடுமுறையில் போகிறவர் அதை நம்பிப் பயணம் வைக்கக்கூடாது. தனியார் இடத்தையே பாருங்கள். கொழும்பில் ஆசிரி, லங்கா, டேர்டன்ஸ், நவலோக்க போன்றவற்றில் வசதி உண்டு; யாழ்ப்பாணத்திலும் தனியாரிடம் விசாரிக்கலாம். விலைக்கு முன் கேட்கவேண்டியவை வேறு. கிழமைக்கு மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம் தருவார்களா? இலங்கையில் பலருக்குக் கிழமைக்கு இரண்டு தடவைதான் கிடைக்கிறது. உங்களுக்கும் அதையே தரப் பார்ப்பார்கள், ஒப்புக்கொள்ள வேண்டாம். இரத்தத்தைச் சுத்திகரிக்கும் வடிகட்டி புதியதா, கழுவி மறுபடி பாவிப்பதா? புதியதற்குக் கூடக் காசு கேட்டால் கொடுத்துவிடுங்கள். ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களுக்குத் தனி இயந்திரம் உண்டா?

நீங்கள் வழமையாக டயாலிசிஸ் செய்யும் பிரிவிலிருந்து எடுக்கும் கடிதத்தில் உலர் எடை (மேலதிக நீர் இல்லாத எடை), நேரம், இரத்த ஓட்ட வேகம், வடிகட்டியின் வகை, டயாலிசிஸ் திரவத்தின் பொட்டாசியம், கல்சியம் அளவு, ஹெபாரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) அளவு, ஊசியின் பருமன், ஒவ்வாமை, மருந்துப் பட்டியல் எல்லாம் இருக்கவேண்டும். ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. முடிவுகள் அண்மையவையாக இல்லாவிட்டால் அங்கே சேர்க்கமாட்டார்கள். ஹெபடைட்டிஸ் பி எதிர்ப்புச் சக்தி குறைந்திருந்தால் ஊக்கித் தடுப்பூசியைப் போகுமுன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

புறப்படுவதற்கு முதல்நாள் ஒரு டயாலிசிஸ், இறங்கிய மறுநாள் அடுத்தது. மருந்துகள் கைப்பையில். இரத்தம் ஊறுவதற்குப் போடும் எரித்ரோபொயட்டின் ஊசிக்கு 2 முதல் 8 பாகை வரை குளிர் வேண்டும். ஐஸ்கட்டியில் நேரே முட்டி உறைந்துவிட்டால் அந்த ஊசி வீண்.

இயந்திரத்தைவிட ஆபத்து இடையில் வரும் நாட்களில்தான். சிறுநீர் போகிற அளவோடு இன்னுமொரு அரை லீற்றர்: பொதுவாக ஒரு நாளுக்கு அவ்வளவுதான் குடிக்கலாம். உறவினர் வீடு ஆறுக்குப் போய் ஒவ்வொன்றிலும் 150 மில்லிலீற்றர் தேத்தண்ணி குடித்தால் 900 ஆகிவிடும். சேர்ந்த நீரை இயந்திரம் 60 கிலோ உள்ள ஒருவரிடம் மணிக்கு 780 மில்லிலீற்றருக்கு மேல் இழுத்தால் பிரஷர் விழும், கெண்டைக்கால் பிடிக்கும், இதயம் களைக்கும். நான்கு மணி நேரத்தில் 3 லீற்றர்தான் எல்லை. அரைக் கோப்பை கேட்டு வாங்குங்கள். கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய் தாகத்தைக் கூட்டும். உப்பைக் குறைக்காமல் தண்ணீரைக் குறைக்க யாராலும் முடியாது.

இரத்தத்தில் கூடிவிடும் பொட்டாசியம்தான் திடீரென்று இதயத்தை நிறுத்துவது. இளநீர் வேண்டவே வேண்டாம். வெயிலுக்குக் குளிர்ச்சி என்று முதலில் நீட்டுவதே அதைத்தான். விரதமென்று பாலும் வாழைப்பழமுமாக இருப்பதும் அதே கணக்கு. பலாப்பழம், மரவள்ளி, முருங்கையிலை, ஒடியற்கூழ் எல்லாவற்றிலும் கவனம். கிழங்கைச் சிறிதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் குறையும்.

தமரத்தங்காய் (நட்சத்திரப் பழம்), சிங்களத்தில் காமரங்கா, தனி வகை. அதிலுள்ள நஞ்சைச் சிறுநீரகம்தான் வெளியேற்றவேண்டும். அது இயலாதவருக்கு ஒரு பழமே போதும்: முதலில் நிற்காத விக்கல், பிறகு குழப்பம், வலிப்பு, மரணம். ஜூஸாகவும் வேண்டாம். தெரியாமல் சாப்பிட்டிருந்தால் விக்கல் வரும்வரை காத்திராமல் உடனே டயாலிசிஸுக்குப் போங்கள்.

கழுத்தில் கத்தீற்றர் (டயாலிசிஸுக்கான குழாய்) உள்ளவர் கீரிமலைக் கேணி, கடல், கிணற்றடிக் குளிப்பு மூன்றையும் மறந்துவிடவேண்டும். கத்தீற்றரோடு குளிர்காய்ச்சல் வந்தால் கிருமி இரத்தத்தில் என்றே எடுத்துக்கொண்டு அன்றே வைத்தியசாலைக்கு. பிஸ்டுலா (டயாலிசிஸுக்காகக் கையில் இணைத்த இரத்தநாளம்) உள்ளவர் தினமும் காலையில் அதன்மேல் கைவைத்து அதிர்வைப் பாருங்கள். அதிர்வு இல்லாவிட்டால் அடைத்திருக்கலாம், விரைவில் திறந்தால்தான் காப்பாற்றலாம். அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ ஊசி ஏற்றவோ பை தூக்கவோ விடாதீர்கள்.

மாரிமழைக் காலத்தில் வடக்கில் டெங்கு கூடும். காய்ச்சல் என்றால் டயாலிசிஸ் தாதியிடம் முதலே சொல்லுங்கள். இரத்தத் தட்டுக்கள் குறைந்திருக்கையில் வழமையான ஹெபாரின் கொடுத்தால் இரத்தம் கசியும். வலிக்குப் பனடோல் மட்டும், டைக்குளோபினாக் வேண்டாம். வயிற்றோட்டத்துக்கு வீட்டில் கரைத்துத் தரும் ஜீவனி உப்புக் கரைசலிலும் பொட்டாசியம் இருக்கிறது. மருத்துவரைக் கேட்காமல் குடிக்காதீர்கள். அவசரத்துக்கு 1990, இலவச அம்புலன்ஸ்.

மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர் பயணத்தைத் தன் பிரிவுக்கு அறிவிக்கவேண்டும். வெளிநாட்டில் நிற்கும் நாட்களில் பட்டியலில் இடைநிறுத்துவது வழக்கம். அங்கே இரத்தம் ஏற்றவேண்டி வந்தால் தவிர்க்கமுடியுமா என்று கேளுங்கள், அது பின்னால் பொருந்தும் சிறுநீரகம் கிடைப்பதைக் கடினமாக்கும். பிரித்தானியா போன்ற இடங்களில் திரும்பியதும் சில மாதம் தனி இயந்திரத்தில் வைத்து, வைரசுக்காக மறுபடி மறுபடி இரத்தம் பார்ப்பார்கள். அதற்கான இடம் உங்கள் பிரிவில் இருக்கிறதா என்பதையும் புறப்படுமுன் கேட்டுவிடுங்கள்.