ஏடிஎச்டி மாத்திரை ஆரம்பிக்கிறீங்களா? முதல்ல இதைப் படிச்சிடுங்க

பையனுக்கு ஏடிஎச்டி, அதாவது கவனம் நிக்காம துறுதுறுன்னு இருக்குற பிரச்சனைன்னு சொல்லி டாக்டர் மெத்தில்ஃபெனிடேட் எழுதிக் குடுத்தப்போ எனக்கு ஒரே குழப்பம், ஏற்கனவே ஒரு இடத்துல நிக்காத புள்ளைக்கு ஸ்டிமுலன்ட் (மூளையைத் தூண்டுற மருந்து) எதுக்குன்னு. அதனால அங்கருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஸ்டெப் 1: மாத்திரை என்ன பண்ணுதுன்னு புரிஞ்சுக்கோங்க

மூளைல ஒரு நரம்பு செல் அடுத்த செல்லுக்கு சேதி சொல்றதுக்கு டோபமைன், நார்அட்ரினலின்னு கெமிக்கலை வெளிய விடும், சேதி போனதும் அதையே திரும்ப உறிஞ்சிக்கும். மெத்தில்ஃபெனிடேட் அந்த உறிஞ்சுற வழியை அடைக்குது, அதனால கெமிக்கல் கொஞ்சம் கூடுதல் நேரம் அங்கயே நிக்குது. "இரு, கையில இருக்குறத முடிச்சிட்டு அப்புறம் எந்திரி"ன்னு சொல்ற வேலை நெத்திக்குப் பின்னாடி இருக்குற பகுதியோடது, அதுக்குத்தான் இது தெம்பு குடுக்குது. தூங்க வைக்கிற மாத்திரை இல்லைங்க. புள்ளை மந்தமா, முகத்துல உசுரே இல்லாம உக்காந்திருந்தா டோஸ் ஒத்துக்கலன்னு அர்த்தம், டாக்டர்கிட்ட சொல்லுங்க.

புது மருந்து, சோதனை பண்றாங்கன்னு சொந்தக்காரங்க பயமுறுத்துனா, இது 1944ல சுவிட்சர்லாந்துல லியாண்ட்ரோ பனிசோன்ங்கிற விஞ்ஞானி உருவாக்குனதுன்னு சொல்லுங்க. இந்த மருந்தோட ரிட்டாலின்ங்கிற பிராண்ட் பேரே அவர் மனைவி ரீட்டா பேர்ல இருந்து வந்ததுதான்.

ஸ்டெப் 2: ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி

புள்ளைக்கு இதயக் கோளாறு, பிபி, வலிப்பு, கண் அழுத்தம், முகமோ தோளோ தானா வெட்டி இழுக்கறது இதுல ஏதாவது இருக்கா, குடும்பத்துல சின்ன வயசுல யாராவது திடீர்னு இறந்திருக்காங்களா, வேற என்னென்ன மருந்து போகுது, எல்லாத்தையும் சொல்லிடுங்க. நாட்டு மருந்தையும் மறைக்காதீங்க. எடை, உயரம், நாடித்துடிப்பு, பிபி நாலையும் அன்னைக்கே எழுதி வாங்கிக்கோங்க, பின்னாடி ஒப்பிட்டுப் பாக்க அதுதான் இருக்கும்.

ஸ்டெப் 3: வாங்கறது

இந்தியால இது ஷெட்யூல் எக்ஸ் மருந்து, அதாவது விக்கிறதுக்கு கடுமையான கட்டுப்பாடு இருக்குற பட்டியல்ல வருது. ப்ரிஸ்க்ரிப்ஷன் ரெண்டு காப்பி வேணும், ஒண்ணை மெடிக்கல்காரர் வச்சுக்குவார். எல்லாக் கடையிலயும் இருக்காது, அதனால கடைசி அட்டை வரைக்கும் இழுக்காதீங்க.

ஸ்டெப் 4: நேரம்

எனக்குப் புடிபட ரொம்ப நாள் ஆனது இதுதான். சாதா மாத்திரை 3லிருந்து 4 மணி நேரம் வேலை செய்யும், மெதுவா கரையிற லாங் ஆக்டிங் வகை 8லிருந்து 12 மணி நேரம். லாங் ஆக்டிங்கை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது, நாள் முழுக்க வர வேண்டிய மருந்து ஒரேடியா உள்ள இறங்கிடும். மாத்திரை போனதும் பசி செத்துடும், அதனால நாங்க முதல்ல நாலு இட்லி, அப்புறம்தான் மாத்திரை. மதியம் டப்பா அப்படியே திரும்பி வரும், திட்டாதீங்க, ராத்திரி எட்டு ஒம்பது மணிக்கு அவனே பசிக்குதும்பான், அப்போ தோசை ஊத்திக் குடுங்க. சாயங்காலம் மருந்தோட வேலை குறையிற நேரத்துல சிடுசிடுப்பு, அழுகை வரலாம், அந்த ஒரு மணி நேரத்துக்கு ஹோம்வொர்க்கை எடுக்காதீங்க. காலைல மறந்துட்டு சாயங்காலம் குடுத்தா ராத்திரி தூக்கம் போச்சு, விட்டது விட்டதுதான், மறுநாள் சேத்து ரெண்டா குடுக்கவே கூடாது.

ஒரு நோட்டுல எப்போ போட்டோம், எப்போ சாப்பிட்டான், எப்போ தூங்குனான்னு மட்டும் எழுதுங்க. பொதுவா சின்ன டோஸ்ல ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவாங்க, அதை முடிவு பண்ண டாக்டருக்கு இந்த நோட்டு ரொம்ப உதவும்.

ஸ்டெப் 5: பூட்டி வைங்க

பரீட்சைக்கு ராத்திரி முழிச்சுப் படிக்க ஒண்ணு குடுங்கன்னு காலேஜ் பசங்க கேப்பாங்க. தயவுசெஞ்சு குடுக்காதீங்க. டாக்டர் சொன்ன அளவுல, செக்கப்போட போறப்போ அடிமையாகுற ஆபத்து கம்மி, ஆனா இஷ்டத்துக்கு எடுத்தா அந்த ஆபத்து நிஜம், இதயத்துக்கும் கெடுதல். மாத்திரையை எண்ணி வைங்க.

ஸ்டெப் 6: எப்போ ஓடணும்

நெஞ்சுவலி, மயக்கம், மூச்சு வாங்கறது வந்தா 108 கூப்பிடுங்க. இல்லாதது கண்ணுக்குத் தெரியுது, காதுல கேக்குதுன்னு சொன்னாலோ, சாகணும்னு பேசுனாலோ அன்னைக்கே டாக்டரைப் பாருங்க. மத்தபடி 6 மாசத்துக்கு ஒருதடவையாவது எடை, உயரம், பிபி பாத்து அதே நோட்டுல எழுதிட்டு வாங்க, எடை இறங்கிட்டே போனா அடுத்த விசிட் வரைக்கும் காத்திருக்காம ஃபோன் பண்ணிடுங்க.