காலையில் டீசல் வண்டி பிடிக்கவில்லையா? பம்ப்பைக் கழற்றுமுன் புகையைப் பாருங்கள்

மார்கழி, தை மாதங்களில் ஊட்டி, குன்னூர் பக்கம் பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு விடிகாலைதான் சோதனை. முதல் நாள் சாயங்காலம் வரை நன்றாக ஓடிய இண்டிகாவோ அம்பாசிடரோ காலையில் எவ்வளவு செல்ஃப் அடித்தாலும் பிடிக்காது. "பம்ப் போச்சு" என்று யாராவது சொல்வார்கள். அதை நம்பி, எஞ்சினுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் அந்தப் பம்ப்பை எடுத்த எடுப்பிலேயே கழற்றி சர்வீஸுக்குக் கொடுக்காதீர்கள். செலவு ஆயிரக்கணக்கில் ஆகும். கோளாறு பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும்.

ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு வண்டிக்குப் பின்னால் போய் நில்லுங்கள். சைலன்சரில் வெள்ளைப் புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, ஆனால் எரியவில்லை. சூடு போதவில்லை என்று அர்த்தம். புகையே இல்லையென்றால் டீசலே போய்ச் சேரவில்லை. இதைப் பிரித்துப் பார்க்காமல் ஹீட்டர் பிளக், ஃபில்டர், டீசலைப் பீய்ச்சும் நாசில் என்று வரிசையாக மாற்றுவதில்தான் பணம் கரைகிறது.

முதலில் வெள்ளைப் புகை. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைச் சுமார் இருபது மடங்கு அழுத்தி, அந்தச் சூட்டிலேயே டீசல் பற்ற வேண்டும். குளிர்ந்து கிடக்கும் இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும். அதை ஈடுகட்டத்தான் கரண்டில் சூடேறும் ஹீட்டர் பிளக். டாஷ்போர்டில் சுருள் விளக்கு எரிந்து அணைந்தால் ஹீட்டர் வேலை செய்கிறது என்று நினைக்காதீர்கள். பழைய வண்டிகளில் அது டைமர் ஓடியதைத்தான் காட்டுகிறது, பிளக் சூடானதை அல்ல.

மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்ப்பவர்களும் ஒரு இடத்தில் ஏமாறுகிறார்கள். நான்கு பிளக்குகளின் தலையையும் ஒரு தகடு இணைத்திருக்கும். அதைக் கழற்றாமல் பார்த்தால், ஒரு பிளக் உயிரோடு இருந்தாலே நான்கும் நன்றாக இருப்பதுபோல் தெரியும். தகட்டை எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். நல்ல பிளக் ஒரு ஓம் அளவிலோ அதற்குக் கீழேயோ காட்டும். செத்ததில் கரண்ட் போகும் பாதையே அறுந்திருக்கும், மீட்டர் எந்த அளவும் காட்டாது. நான்குமே நன்றாக இருந்தால் பிளக்குகளுக்குக் கரண்ட் அனுப்பும் ரிலேயையும் பெரிய ஃபியூஸையும் பாருங்கள். பிளக்கை எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்கும்போது கழற்றுங்கள். இறுகிப்போனதைப் பச்சைக் குளிரில் முறுக்கினால் எஞ்சின் ஹெட்டுக்குள்ளேயே உடைந்து நிற்கும். பழைய லாரி, டெம்போ எஞ்சின்கள் பலவற்றில் ஹீட்டர் பிளக்கே கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம்.

எஞ்சின் மெதுவாகச் சுற்றினாலும் சூடு வராது. ஹெட்லைட் பளிச்சென்று எரிவதை வைத்து பேட்டரிக்கு நற்சான்று கொடுக்காதீர்கள். ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்ட் அதைவிடப் பல மடங்கு. சும்மா நிற்கும்போது மீட்டரில் காட்டிய 12.6 வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது ஒன்பதுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகியுங்கள். அது விழாமலேயே எஞ்சின் சோம்பலாகச் சுற்றினால் எர்த் கேபிள் முனையைச் சுரண்டித் துடைத்துப் பாருங்கள்.

புகை இல்லாத வண்டியில் பெரும்பாலும் ஏர் இழுத்திருக்கும். ராத்திரி முழுக்க நின்றதில், வெடித்த ஓஸ் வழியாகவோ ஃபில்டரின் ரப்பர் வாஷர் வழியாகவோ காற்று புகுந்து டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். கைப்பம்ப்பை அழுத்தி அது கெட்டியானதும் வண்டி பிடித்தால் சந்தேகமே வேண்டாம். பலர் தினமும் அப்படி அழுத்திக்கொண்டே காலம் தள்ளுகிறார்கள். பம்ப்புக்கு முன்னால் உள்ளே ஓடுவது தெரியும் ஒரு துண்டு பிளாஸ்டிக் டியூப் போட்டுப் பாருங்கள், குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். சாவியைத் திருப்பும்போது பம்ப்பில் டீசலைத் திறந்து மூடும் ஸ்டாப் சாலினாய்டு (மின்சார வால்வு) 'டிக்' என்று சத்தம் போடுகிறதா என்றும் கேளுங்கள். "டீசல் உறைந்துவிட்டது" என்பதை ஊட்டியில் கடைசியாகச் சந்தேகித்தால் போதும். மைனஸ் 33 டிகிரியிலும் ஓடும் டீசலை இந்தியன் ஆயில் 2019இல் கொண்டுவந்தது லடாக்கின் குளிருக்காக.

தள்ளி ஸ்டார்ட் செய்வதை இண்டிகா போன்ற, வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயக்கும் டைமிங் பெல்ட் உள்ள வண்டிகளில் தவிர்த்துவிடுங்கள். பழைய பெல்ட் ஒரு பல் தாண்டினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். டேங்குக்கு அடியில் தீ மூட்டுவதும், டீசலில் மண்ணெண்ணெய் கலப்பதும் கூடவே கூடாது. பம்ப்புக்கு மசகே டீசல்தான். எல்லாவற்றிலும் மோசமானது ஏர் ஃபில்டரில் ஈதர் ஸ்பிரே அடிப்பது. ஹீட்டர் பிளக் சூடாக இருக்கும்போது ஈதர் உள்ளே போனால் பிஸ்டன் மேலே வருவதற்குள்ளேயே வெடிக்கும், பிஸ்டன் ரிங் உடையும். அதன்பிறகு காற்றை அழுத்தும் கம்ப்ரஷனும் போய், வெயில் காலத்திலும் அந்த வண்டி பிடிக்காது.